பிள்ளையோடு புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு

திருகோணமலைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் கோணேசர் கோயிலுக்கு அடுத்தபடியாக வழி கேட்பது புறாத்தீவுக்குத்தான். நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரம். படகில் ஏறி உட்கார்ந்து பிள்ளை நாலு கேள்வி கேட்பதற்குள் தீவு வந்துவிடும். ஆழ்கடலுக்குப் போகாமல், சுவாச உருளை எதையும் முதுகில் சுமக்காமல், இடுப்பளவுத் தண்ணீரிலேயே முருகைக்கற்கள் என்கிற பவளப்பாறைகளையும் நிற மீன்களையும் பார்க்கலாம். அதனால்தான் கைக்குழந்தை முதல் பாட்டி வரை எல்லோரையும் ஒரே படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். தடையில்லை. ஆனால் எல்லோருக்கும் அங்கே ஒரே மாதிரியான நாள் வாய்ப்பதில்லை. சிலர் மலர்ந்த முகத்தோடு திரும்புகிறார்கள், சிலர் அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த வேறுபாடு பெரும்பாலும் படகேறுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கடற்பூங்கா என்றதும் பிள்ளைகள் மனத்தில் எழுவது கண்ணாடித் தொட்டியும் பந்து விளையாடும் டொல்பினும். இங்கே அவை எதுவும் இல்லை. 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2003இல் தேசிய பூங்காவாகத் தரமுயர்த்தப்பட்ட 471 ஹெக்டேர் பரப்பு இது. பெரிய தீவு ஒன்று, சிறிய தீவு ஒன்று, இரண்டையும் சுற்றிய கடல், அவ்வளவுதான். பெரிய தீவின் உச்சி 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் சூட்டுப் பயிற்சிக்கு இந்தத் தீவைப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கேட்டால் இன்று நம்பக் கடினமாக இருக்கும். இப்போது வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் சட்டமும் உண்டு, கட்டணமும் உண்டு.

பெற்றோர் வழக்கமாகக் கேட்பது, “எத்தனை வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாம்?” என்றுதான். வயதை விட்டுவிடுங்கள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு அமைதியாக மிதக்கப் பிள்ளைக்குத் தெரியுமா? இதுதான் கேள்வி. புறாத்தீவின் முருகைக்கல் பல இடங்களில் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. பயந்த பிள்ளை முதலில் செய்வது காலை ஊன்றி எழுந்து நிற்பது. ஊன்றுகிற இடமோ உயிருள்ள கல். கால் கிழியும், கல்லும் முறியும். மிதக்கத் தெரிந்த ஆறு வயதுப் பிள்ளை அங்கே ராஜா. மிதக்கத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கும். அப்போது இரண்டு பேரும் எதையும் பார்க்கப்போவதில்லை.

எந்த மாதம், எந்த நேரம்

கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஏப்ரலிலும் போகலாம். நவம்பரில் வடகீழ்ப் பருவமழை பிடித்துவிட்டால் கடல் அடிக்கும், தண்ணீர் கலங்கும். அந்த மாதங்களில் தெற்கிலும் மேற்கிலும் கடல் நன்றாக இருக்கும் என்பதால், டிசம்பர் விடுமுறைக்காரர்கள் புறாத்தீவை மறந்துவிட்டு வேறு திசையை யோசிப்பது நல்லது.

கச்சான் காற்று வீசும் காலத்தை வெளியூர்க்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி, இந்தப் பக்கம் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரக் கடல் அதனால் அலையில்லாமல் தட்டையாகத் தெரியும். பெற்றோர் ஏமாறுவது இங்கேதான். அலையில்லாத கடலில் காற்றடைத்த வாத்தையும் டியூபையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காற்றோ அதை வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். பெரியவர் நீந்திப் பிடிக்கிற வேகத்தைவிடக் காற்றடைத்த மிதவை வேகமாகப் போகும். நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் அந்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டே வராதீர்கள்.

நேரம் காலைதான். பூங்கா திறந்ததும் போகிற முதற் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். தண்ணீர் தெளிந்திருக்கும், மணல் கிளறப்பட்டிருக்காது, கூட்டமும் இராது. வெயிலைப் பற்றி ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். புறாத்தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் இங்கே ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேரே வந்து நிற்கும். பள்ளிக்கூட விடுமுறைகளும் அதே மாதங்களில்தான் வருகின்றன. முகம் கீழே, முதுகு மேலே என்று ஒரு மணி நேரம் மிதக்கிற பிள்ளையின் பிடரியையும் முழங்கால் மடிப்புகளையும் அந்த வெயில் என்ன செய்யும் என்பதை இரவு படுக்கும்போதுதான் அறிவீர்கள். பதினொரு மணிக்குத் தீவை விட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வார இறுதி, போயா தினம், நீண்ட விடுமுறை ஆகியவற்றைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். சின்ன மணற்கரை அது. கூட்டம் சேர்ந்தால் தண்ணீருக்குள் மீனைவிடக் கால்களே அதிகம் தெரியும்.

ஒரு வாரம் முன்பு வீட்டில்

பயிற்சிக்குத் தீவு உகந்த இடமில்லை. நீச்சல் குளம் கிட்டினால் நல்லது. கிட்டாவிட்டால் ஒரு பெரிய பேசினும் போதும். நீர்க்கண்ணாடியைப் போட்டு, சுவாசக்குழாயை வாயில் கவ்வி, பேசினுக்குள் முகத்தை வைத்துப் பிள்ளை பத்து மூச்சு விடட்டும். அடியில் நாணயங்களைப் போட்டு எண்ணச் சொன்னால் பயிற்சி விளையாட்டாகிவிடும். வாயால் மட்டும் மூச்சுவிடுவதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். அது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கண்ணாடி வாங்கும்போது இதைச் செய்து பாருங்கள். வாரைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை மட்டும் பிள்ளையின் முகத்தில் வையுங்கள். மூக்கால் மெல்ல உள்ளிழுக்கச் சொல்லிவிட்டுக் கையை எடுங்கள். கண்ணாடி அப்படியே ஒட்டி நின்றால் அளவு சரி. நழுவினால் வேறொன்றைப் பாருங்கள். வாரை இறுக்கிச் சரிசெய்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார், நம்ப வேண்டாம். இறுக்க இறுக்கத் தலை வலிக்குமே தவிர, தண்ணீர் புகுவது நிற்காது. பொருந்திய கண்ணாடிக்குள்ளும் நெற்றி முடி ஒரு கீற்று மாட்டிக்கொண்டால் அதன் வழியே தண்ணீர் சொட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தலையை இழுத்துப் பின்னி விடுங்கள். உள்ளே ஆவி படியாமலிருக்க ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பூவைப் பூசி அலசினால் போதும். எச்சில் துப்பித் தேய்ப்பதுதான் பழைய முறை, பிள்ளைகளுக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

கரையில் வாடகைக்குக் கண்ணாடி கிடைக்கும், ஆனால் சிறுவர் முகத்துக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். பெரியவர்கள் வாடகைக்கு எடுங்கள், பிள்ளைக்குச் சொந்தமாக வாங்குங்கள். முகம் முழுவதையும் மூடுகிற கவசம் இப்போது பரவலாக விற்பனையாகிறது. சிறு பிள்ளைக்கு அதை நான் சொல்லமாட்டேன். வெளிவிட்ட மூச்சு உள்ளே தேங்குவதற்கு இடம் கூடுதல். அவசரத்தில் சட்டென்று கழற்றவும் வராது.

உயிர்காப்பு அங்கியும் அப்படித்தான். படகில் கொடுப்பார்கள், கட்டாயம் போடுங்கள். பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது மேலே எழும்பிக் காதை மூடும், பிள்ளை கீழே நழுவும். அங்கியைப் போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். நாடிக்கு மேலே வந்தால் அது பெரிது. கால்களுக்கிடையே மாட்டும் வார் உள்ள சிறுவர் அங்கி ஒன்றை இரவல் வாங்கியாவது கொண்டுவாருங்கள்.

பையில் என்ன வேண்டும்

நீண்ட கையுள்ள, உடலோடு ஒட்டிய நீச்சல் சட்டை முதலில். வெயிலுக்குப் பூசும் கிரீமைவிட இது நூறு மடங்கு மேல். கிரீம் பூசியே ஆக வேண்டுமென்றால் முகத்துக்கும் பாதத்துக்கும் மட்டும், துத்தநாக ஒட்சைட்டு உள்ளதாகப் பாருங்கள். சில கிரீம்களில் இருக்கும் இரசாயனங்கள் முருகைக்கல்லுக்குக் கேடு செய்பவை. அடுத்து, இரப்பர் அடியுள்ள நீர்ச் செருப்பு. தீவின் கரையில் வெறும் மணல் மட்டுமில்லை, உடைந்த முருகைக்கல் துண்டுகளும் கலந்து கிடக்கின்றன. பத்து மணிக்குப் பிறகு அவை சுடும். செருப்பு கிடைத்துவிட்டதே என்று கல்லில் ஏறி நிற்கக் கூடாது என்பதையும் அப்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் தாராளமாக வேண்டும். தீவில் கடை கிடையாது. ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக்கையும் பொலித்தீனையும் வாசலிலேயே கேட்பார்கள். வீட்டுப் போத்தல்களில் தண்ணீரையும், மூடியுள்ள டப்பாவில் சாப்பாட்டையும் எடுத்துப்போனால் அந்தத் தொல்லை இல்லை. தோசையோ இடியப்பமோ கொண்டுபோய்ப் பரப்பாதீர்கள். கடல் தண்ணீர் விழுங்கிய வயிற்றுக்கு வாழைப்பழமும் உப்பு பிஸ்கட்டும் போதும். பெரிய சாப்பாடு கரைக்குத் திரும்பிய பிறகு. ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு) பைக்கற் இரண்டு, பிளாஸ்டர், கிருமிநாசினி, சின்ன இடுக்கி, உலர்ந்த துவாய், மாற்றுடுப்பு. படகில் பயணம் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் காலையில் வயிறு நிறையப் பால் கொடுக்காதீர்கள்.

போகும் வழியும் டிக்கெட்டும்

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து வடக்கே சுமார் 15 கிலோமீற்றர், புல்மோட்டை வீதியில். குச்சவெளி, புல்மோட்டை போகும் பஸ் எல்லாம் உப்புவெளி, சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி வழியாகத்தான் போகும். நடத்துநரிடம் புறாமலை என்றாலும் புரியும், ஊரில் அப்படியும் சொல்வார்கள். ஆனால் பிரதான வீதியில் இறங்கிக் கடற்கரைக்கு இன்னும் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளையும் பைகளும் இருந்தால் நகரிலிருந்தே ஆட்டோ பிடிப்பது புத்திசாலித்தனம். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இரவு ரயிலில் விடிய வந்து இறங்கி, நேரே படகுக்கு ஓடுவதுண்டு. தூங்காத பிள்ளையைக் கடலுக்குள் இறக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. முதல் நாள் வந்து, உப்புவெளியிலோ நிலாவெளியிலோ ஓர் இரவு தங்கிக்கொள்ளுங்கள்.

நிலாவெளிக் கடற்கரையில் திணைக்களத்தின் டிக்கெட் அலுவலகம் இருக்கிறது. தேசிய அடையாள அட்டையை மறக்க வேண்டாம். இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, இடைவெளியும் பெரிது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமா, சித்தி குடும்பம் சேர்ந்து வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் அங்கே நின்று கணக்குப் பார்க்க நேரும். நுழைவுக் கட்டணத்தோடு குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும் சேரும். படகுக் கூலி தனி, கண்ணாடி வாடகை தனி. படகுக்கூலி ஆளுக்கு இவ்வளவு என்றல்லாமல் படகுக்கு இவ்வளவு என்றே பேசப்படும். இரண்டு சிறு குடும்பங்கள் வரிசையில் நின்றால் சேர்ந்து ஒரு படகில் போகலாம். ஆனால் அடுத்த குடும்பத்துக்கும் உங்கள் வயதொத்த பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். மாலை வரை இருக்க நினைக்கும் இளைஞர் கூட்டத்தோடு சேர்ந்தால் பதினொரு மணிக் கணக்கு பாழ்.

ஏறும் முன் படகோட்டியிடம் மூன்று விஷயம் பேசுங்கள். எத்தனை மணிக்குத் திரும்ப வந்து ஏற்றுவார், பிள்ளை அழுதால் முன்னதாக வர முடியுமா, இன்று எந்தப் பக்கம் தண்ணீர் அமைதி. கடைசிக் கேள்விக்கு அவர் தரும் பதில், நீங்கள் கைப்பேசியில் பார்க்கும் எந்த வானிலைச் செய்தியையும்விட நம்பகமானது. “இன்றைக்குப் பிள்ளையோடு வேண்டாம் ஐயா” என்று ஒருவர் சொன்னால், கூலியை விட்டுக்கொடுத்துச் சொல்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள். அடுத்த படகுக்காரரைத் தேடிப் போகாதீர்கள். கழிப்பறை வேலையைக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

உப்புவெளியிலிருந்தும் நகரிலிருந்தும் நேரே படகில் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. வழி நீளம், அலையில் குலுக்கல் அதிகம், பிள்ளைகளுக்குத் தேவையில்லாத அலுப்பு.

தண்ணீருக்குள்

படகு மணலில் தட்டியதும் எல்லோரும் ஓடிப்போய் விழுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதலில் நிழல் பிடியுங்கள். பாறைக்கடியிலும் மரத்தடியிலும் கொஞ்சந்தான் கிடைக்கும். பிறகு பிள்ளையை உட்காரவைத்துப் பாறை இடுக்குகளைக் காட்டுங்கள். புறாக்கள் அங்கேதான் கூடு கட்டுகின்றன. கோயில் கோபுரத்தில் பார்க்கிற அதே மாடப்புறா இனம், இங்கே மனிதர் கட்டிய மாடம் எதுவுமில்லாமல் பாறையில் வாழ்கிறது. கூட்டுக்குக் கிட்டப் போகவோ கல்லெறியவோ கூடாது. இந்தப் பத்து நிமிடத்தில் படகுப் பயணத்தின் பதற்றம் பிள்ளையிடமிருந்து இறங்கிவிடும்.

பிறகு மணலடி உள்ள இடத்தில் முழங்காலளவுத் தண்ணீரில் முகத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி சரி, மூச்சு சரி என்றான பிறகே கல்லுள்ள பக்கம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கைக்கெட்டும் தூரத்தில். இரண்டு பிள்ளைக்கு ஓர் அப்பா என்பது தண்ணீரில் செல்லாது. மற்றப் பிள்ளை கரையில் அம்மாவோடு முறைக்குக் காத்திருக்கட்டும். தண்ணீருக்குள் பேச முடியாதென்பதால் கைப்பிடியிலேயே ஒரு மொழி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அழுத்தினால் எல்லாம் சரி. இரண்டு முறை அழுத்தினால் மேலே தலையெடுப்போம். மூன்று முறை என்றால் அங்கே பார். இதையும் பேசினிலேயே பழக்கிவிடலாம்.

போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும். பெரிய தீவுக்கும் சிறிய தீவுக்கும் இடையே தூரம் கொஞ்சம்போலத் தெரியும். பிள்ளையோடு அதைக் கடக்க நினைக்காதீர்கள். காலில் துடுப்பு மாட்டுவதும் பிள்ளைக்கு வேண்டாம். திரும்பிய பக்கமெல்லாம் அது கல்லைத் தட்டும்.

கிளைகிளையாக நிற்பவை மான்கொம்பு வகைக் கற்கள், புறாத்தீவில் அவைதான் அதிகம். கல் என்று சொல்கிறோமே தவிர, ஆயிரமாயிரம் சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு அது. உருண்டு திரண்டு கிடக்கும் வகைகள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் வளரும். பிள்ளையின் உயரமுள்ள ஒன்றைக் காட்டி, அதற்குத் தாத்தாவைவிட வயது அதிகம் என்று சொல்லிப் பாருங்கள், கால் தானாக மடங்கும். எல்லாம் படத்தில் பார்த்ததுபோல வண்ணமயமாக இருக்குமென்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். முள்முடி நட்சத்திர மீன் பெருகித் தின்றது, நங்கூரம் விழுந்தது, மனிதர் மிதித்தது என்று பட்ட அடிகள் பல. வெறும் சிதைவுகளாகக் கிடக்கும் இடங்களும் கண்ணில் படும். 1998இல் கடல் சூடேறித் தெற்கிலும் மேற்கிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தபோது இந்தப் பக்கம் பெரிதும் தப்பியது. அதனால் எஞ்சியிருப்பதன் அருமை கூடுதல்.

கிளிமீன் ஒன்றைக் கண்டால் அதை விடாதீர்கள். பச்சையும் நீலமும் இளஞ்சிவப்புமாகத் திரியும் அதன் பற்கள் ஒட்டிச் சேர்ந்து கிளியின் அலகாகவே ஆகியிருக்கும். கல்லுக்கு நேரே போய், தலையைச் சாய்த்து ஒரு கடி கடிக்கும். அசையாமல் மூச்சை அடக்கினால் அந்தச் சத்தம் காதில் விழும், வறுத்த கச்சானை யாரோ பக்கத்திலிருந்து கடிப்பதுபோல. பாசியோடு கல்லையும் அரைத்து விழுங்கிவிட்டு, சற்று நேரத்தில் வாலுக்கடியிலிருந்து வெள்ளைப் புகையாக மணலை விட்டுக்கொண்டு போகும். கரையில் தான் வீடு கட்டி விளையாடிய மணலில் ஒரு பங்கு மீனின் கழிவு என்று தெரிந்தால் எந்தப் பிள்ளையும் அதை வாழ்நாளில் மறக்காது. பள்ளிக்கூடத்தில் முதல் வேலையாக அதைத்தான் சொல்லும்.

அடுத்தது சுறா. இதை மறைக்காமல் வீட்டிலேயே சொல்லிவிட வேண்டும். துடுப்பின் நுனி கறுத்த, பாறையோரம் திரியும் சுறா இங்கே உண்டு. நன்கு வளர்ந்தது ஒன்றரை மீற்றர் அளவில் இருக்கும், குட்டிகள் முழங்காலளவுத் தண்ணீருக்கே வரும். மீனைத் தின்பவை, மனிதரைக் கண்டால் விலகிப்போகிற கூச்ச சுபாவம். அதிகாலையில் காணும் வாய்ப்பு அதிகம், உறுதியில்லை. கண்டால் எல்லாம் சரி என்று கையை ஒருமுறை அழுத்திவிட்டு அசையாமல் மிதந்து பாருங்கள். துரத்தாதீர்கள், ஓலமிடாதீர்கள், மூலையில் மறிக்காதீர்கள். உண்மையில் நான் அதிகம் எச்சரிப்பது சுறாவைப் பற்றியல்ல, பெரிய கிளாத்தி மீனைப் பற்றி. முட்டையிட்ட குழிக்குக் காவல் நிற்கும்போது அது நேரே வந்து கடிக்கும். குழிக்கு மேலே நீர்மட்டம் வரை தன் எல்லை என்று அது நினைப்பதால், மேலே எழுந்தால் விடாது. பக்கவாட்டில் விலகிப் போங்கள்.

ஆமை வந்தால் அது அதிர்ஷ்டம். அழுங்காமையும் பச்சை ஆமையும் இந்தக் கடலில் உண்டு. மூச்சுக்கு மேலே வருகிற ஆமையின் வழியில் நிற்கக் கூடாது, முதுகைத் தொடக் கூடாது. மீனுக்குப் பாண் துண்டு போடுகிறவர்களை இன்னும் காணலாம். பாசி தின்று கல்லைச் சுத்தமாக வைத்திருக்கிற மீனுக்குப் பாணைப் பழக்கினால் கல்லைப் பாசி மூடும், மீனும் விரலைக் கடிக்கத் தொடங்கும்.

உதடு நீலம் பாய்ந்தாலோ, தோள் நடுங்கினாலோ, பிள்ளை இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினாலும் கரையேற்றுங்கள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தாலும் மெலிந்த உடம்பு விரைவில் குளிர்ந்துவிடும். அரை மணி தண்ணீர், அரை மணி நிழல், மறுபடி ஒரு சுற்று. அதற்கு மேல் பிள்ளைகளுக்குத் தேவைப்படுவதில்லை, பெரியவர்களுக்குத்தான் தேவைப்படுகிறது.

அடிபட்டால்

கல் கீறினால் நல்ல தண்ணீராலும் சவர்க்காரத்தாலும் நன்றாகக் கழுவி, கிருமிநாசினி போடுங்கள். சின்னக் கீறல் என்று விட்டால் இரண்டு நாளில் சீழ் பிடிக்கும். கடல் முள்ளெலியின் முள் ஏறினால் வெளியே தெரிவதை மட்டும் இடுக்கியால் எடுங்கள், தோண்டாதீர்கள். பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்தால் வலி குறையும். பிள்ளையை வைப்பதற்கு முன் உங்கள் கையை வைத்துச் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சொறிமீன் பட்டால் கடல் தண்ணீராலேயே அலசுங்கள், நல்ல தண்ணீர் கூடாது, மணலால் தேய்க்கவும் கூடாது, சிறுநீர் வைத்தியமும் வேண்டாம். மூச்சுத் திணறல், முகம் வீக்கம், மயக்கம் எதுவானாலும் தாமதமின்றிப் படகோட்டியை அழைத்துக் கரைக்கு விரையுங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். தண்ணீரை விழுங்கி மூச்சு முட்டிய பிள்ளை தெளிந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும், பிறகு தொடர்ந்து இருமினால் வைத்தியரிடம் காட்டிவிடுங்கள்.

மிதக்காத பிள்ளைக்கு

தீவுக்குப் போகாமலே நல்ல நாள் ஒன்று உண்டு. நிலாவெளிக் கரை நீளமானது. விடியற்காலையில் மணலில் குழிதோண்டி ஓடும் நண்டுகள், கரைவலை இழுக்கிறவர்கள் கண்ணில் பட்டால் அவர்கள் வலை, எதிரே தீவு. மூன்று நான்கு வயதுக்கு இதற்கு மேல் கடல் வேண்டியதில்லை. ஒரு பெற்றோர் மூத்த பிள்ளையோடு தீவுக்குப் போக, மற்றவர் இளையதோடு கரையில் நிற்கலாம். இதை நேர்மையாகப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கரையில் நிற்பது அம்மாவாகவே இருந்துவிடுகிறது.

திரும்பும்போதும் பிறகும்

படகேறும் முன் பிள்ளையின் காற்சட்டைப் பையைச் சோதியுங்கள். சிப்பி, சங்கு, கல் துண்டு எதுவும் பூங்காவிலிருந்து வெளியே வரக் கூடாது, உயிரற்றதாக இருந்தாலும். அழுகை வரும், அதற்குப் பதிலாக அதைப் படமெடுத்துக் கொடுத்துவிட்டு மணலில் வைக்கச் சொல்லுங்கள். குப்பை எல்லாம் உங்களோடு.

கரையில் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதை உலர்த்தி, இளநீர் கொடுத்து, சோறு கொடுத்துத் தூங்கவையுங்கள். கண்ணாடியையும் குழாயையும் அப்போதே அலசி நிழலில் காயவிடுங்கள். அன்று பின்னேரமே திமிங்கிலம் பார்க்க இன்னொரு படகு என்று திட்டம் போடுகிற உற்சாகிகளைக் கண்டிருக்கிறேன். நீலத் திமிங்கிலமும் எண்ணெய்த் திமிங்கிலமும் இந்தக் கடலுக்கு வருவது உண்மைதான், ஆனால் அது வெளிக்கடலில் சில மணி நேர வேலை, வளர்ந்த பிள்ளைகளுக்கு, வேறொரு நாளில்.

நாலு மணிக்கு மேல் பிள்ளை எழுந்து தெம்பாக இருந்தால் நகருக்குள் பிரெட்ரிக் கோட்டைக்குப் போங்கள். வாசலைத் தாண்டியதுமே புள்ளிமான்கள் மரநிழலில் நிற்கும். கையில் சாப்பாட்டுப் பை இருந்தால் கிட்ட வந்துவிடும், பொலித்தீனோடு சேர்த்துத் தின்றுவிடும், ஆகவே பையை மூடியே வையுங்கள். அப்படியே மேலேறினால் கோணேசர் கோயில், பக்கத்தில் இராவணன் வெட்டு. பாறை விளிம்பில் பிள்ளையின் கையை விடாதீர்கள். கோயிலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பு வேண்டும், அதனால் அந்த மாற்றுடுப்பைக் காலையிலேயே தனியாக எடுத்து வையுங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழையும் மறுநாளுக்கு விட்டுவிடலாம். அனுராதபுர வீதியில் நகருக்குக் கிட்டத்தான் இருக்கின்றன, காலை ஏழெட்டு மணிக்குப் போனால் வரிசை இல்லாமல் குளித்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம்.